திங்கட்கிழமை உப்புமா

எங்க அக்கா மகளுக்கு ஆறு வயசு. அவள் சாப்பிடுகிற பொருட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஆம்லெட்டில் முறுகின ஓரம் மட்டும், ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து வஞ்சிரம் வந்தால் அதில் முள்ளில்லாத ஒரு துண்டு. மற்றதெல்லாம் 'உவ்வே'. பொங்கல் தட்டைப் பார்த்தாலே ரெண்டு கையாலும் வாயை மூடிக்கொள்வாள். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீடு இருக்கிற சந்தில், காலை ஏழரை மணிக்கு எங்க அம்மா கிண்ணத்தோடு அவள் பின்னால் நடப்பது தினசரிக் காட்சி. நாய், காக்கா, எதிர்வீட்டு ஆட்டோ, போலீஸ்காரர் எல்லாரும் இந்த வேலைக்கு அழைக்கப்பட்டாயிற்று. பூச்சாண்டி எப்போதோ தோற்றுப்போனான்.

2025 ஆகஸ்ட்டில் அவள் படிக்கிற அரசு உதவி பெறும் பள்ளிக்கும் காலை உணவு வந்தது. ரெண்டு மூணு வாரம் கழித்து டீச்சர் அக்காவிடம் சொன்னார்: உங்க பொண்ணு பொங்கல் நல்லா சாப்பிடுறாளே, சாம்பாரைக்கூட விடுறதில்லையே. அக்கா நம்பவில்லை. அம்மா நம்பாதது மட்டுமில்லை, கொஞ்சம் அவமானமும் பட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நெய்யை ஒரு கரண்டி கூடவே ஊற்றி, முந்திரி வறுத்துப் போட்டு, பொங்கல் வைத்தார். பொண்ணு வாயை மூடிக்கொண்டது.

"ஸ்கூல்ல துன்றியாமே?"

"அது ஸ்கூல் பொங்கல்."

"இது இன்னா?"

"இது ஆயா பொங்கல்."

வீட்டில் எல்லாரும் சிரித்துவிட்டோம். எனக்கு மட்டும் அந்தப் பதில் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அரிசி, பருப்பு, மிளகு எல்லாம் ஒன்றுதான். ருசியைக் கேட்டால் அம்மா பொங்கல்தான் மேல், நான் ரெண்டையும் தின்று பார்த்தவன். அப்படியானால் குழந்தை எதைச் சாப்பிடுகிறது, எதை மறுக்கிறது? யோசிக்க யோசிக்க, கேள்வி எங்கள் வீட்டை விட்டு வெளியே போய்விட்டது. ஏனென்றால் இந்த ஊரில், அதுவும் எங்கள் ஏரியாவில், அடுத்தவர் பிள்ளைக்குச் சோறு போடுவதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

எங்க ஆயா (அப்பாவைப் பெற்றவர்) கடைசிவரைக்கும் ஸ்டான்லி மருத்துவமனையை அந்தப் பேரில் சொன்னதில்லை. அவருக்கு அது கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. சின்ன வயசில் அது ஏதோ கேலிப்பேர் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே கஞ்சி ஊற்றின இடம்தான். ஐதர் அலியின் படையெடுப்பும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் ஊர்ஊராக ஜனங்களைச் சென்னைக்குத் துரத்தின 1782இல், பசித்து வந்தவர்களுக்கு அங்கே கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். மணியக்காரர் சத்திரம் என்று பேர். வெள்ளைக்காரன் வாயில் அது 'மோனிகர் சௌல்ட்ரி' ஆனது. 1799இல் சத்திரத்தோடு ஒரு வைத்தியசாலை சேர்ந்தது. அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி. ஆஸ்பத்திரிக்கு எத்தனை கவர்னர் பேர் வைத்தாலும் ஜனங்கள் ஞாபகத்தில் தங்கியது தொட்டிதான்.

தொட்டியிலிருந்து ஊற்றுகிற கஞ்சிக்கு ஒரு குணம் உண்டு. வாங்குகிறவரிடம் அது எதையும் கேட்காது. உப்பு போதுமா, கேழ்வரகா அரிசியா, எதுவும். பசித்தவனுக்கு நாக்கு இல்லை என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. 'பசிச்சா தானா தின்னும்' என்று நாம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதும் அந்தத் தொட்டியிலிருந்து மொண்டதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த கதையும் எங்கள் ஏரியாக்காரருடையது. மெட்ரோவில் வண்ணாரப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் தியாகராயா கல்லூரி. பிட்டி தியாகராயர் என்றால் பலருக்கும் தி.நகர் ஞாபகம்தான் வரும், பாண்டி பஜார் வரும். ஆனால் அந்த மனுஷன் வாழ்ந்ததும் தறி நெசவாலை நடத்தியதும் பள்ளிக்கூடம் தொடங்கியதும் வடசென்னையில். கம்பெனி காலத்தில் துணி வெளுக்கிறவர்களும் நெய்கிறவர்களும் குடியேறி உருவான பேட்டை இது. அதில் துணிவியாபாரி ஒருவர் நகரத்துக்கே தலைவரானார்.

1920இல் தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் ஏழைகள், சாப்பாடில்லாததால் பள்ளிக்கு வருகிறவர் எண்ணிக்கை குறைகிறது என்று மன்றத்தில் பேச்சு வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தரலாம் என்று தீர்மானம் போட்டார்கள். பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்கு விரித்தார்கள். அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922–23இல் 811 பிள்ளைகள். 1924–25இல் 1,671. ரெண்டே வருஷத்தில் இரட்டிப்பு! இதைப் பார்த்து அரசாங்கம் என்ன செய்திருக்க வேண்டும்? ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக்கூடாது என்றது. 1925 ஏப்ரல் 1ஆம் தேதியோடு சிற்றுண்டி நின்றது. தியாகராயர் இறந்ததும் அதே வருஷம்தான். ரெண்டு வருஷம் கழித்து, கேட்டுக் கேட்டு, 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று மறுபடி தொடங்கியது.

அந்த ஓரணாவில் பிள்ளைகள் எதை விரும்பித் தின்றார்கள், எதை வைத்துவிட்டுப் போனார்கள்? இந்த வரலாற்றை எழுதினவர்கள் எல்லாரும் தலையை எண்ணினார்கள். பெற்றோர் பட்டினியோடு இருந்த காலத்தில் அதைக் கேட்பதே ஆடம்பரமாகத் தோன்றியிருக்கும். சரிதான். ஆனால் 'ஆடம்பரம்' என்று ஒதுக்கின அந்தக் கேள்வி அடுத்த நூறு வருஷமும் பின்னாலேயே வந்தது.

இடையில் ஒரு யுத்தம். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரங்கூன் அரிசி நின்றது. நம் பக்கம் அந்த அரிசியை நம்பித்தான் பானை கொதித்தது. அடுத்த வருஷம் சென்னையில் ரேஷன் வந்தது. அரிசியோடு கோதுமையும் கொடுத்தார்கள். காலம் காலமாகச் சோறு தின்ற வீட்டுக்கு முழுக் கோதுமையைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? சிலர் சோறு மாதிரி வேகவைத்துப் பார்த்தார்கள். சிலர் உடைத்து ரவையாக்கினார்கள். பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம்ஸ்காரர்கள், அரிசித் தட்டுப்பாட்டில் ரவையைப் போட்டு ஆவியில் வேகவைத்துப் பார்த்ததில்தான் ரவா இட்லி பிறந்தது என்று சொல்வார்கள். பெரியவர்களே முகம் சுளித்த காலம் அது. பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெரியவர்களுக்குப் புதுத் தீனி பழக்குவதில் ஒரு பழைய கதை உண்டு. திருவிதாங்கூரில், அதாவது நம் நாஞ்சில் நாடும் சேர்ந்திருந்த ராஜ்யத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரவள்ளிக்கிழங்கைப் பரப்பினார். ஜனங்கள் விஷமோ என்று பயந்தார்களாம். ராஜா அரண்மனையிலேயே அதைச் சமைக்கச் சொல்லித் தின்றார், பிறகுதான் ஊர் தின்றது என்பார்கள். கதை எவ்வளவு நிஜமோ, அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தருகிறவனும் தின்கிறான்.

அமெரிக்கக் கோதுமையில் அந்தச் சூட்சுமம் இல்லை.

காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவைத் தொடங்கி வைத்தார். அரசுப் பணத்தோடு ஊர்க்காரர்கள் தருகிற அரிசியும் காசும் சேர்ந்து நடந்த திட்டம். நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறையில் இருந்து அதை ஓட்டினார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது 1961க்குப் பிறகு நடந்தது. கேர் என்கிற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் உள்ளே வந்தது. பால்பவுடர், சமையல் எண்ணெய், கோதுமை என்று கப்பல் கப்பலாக வந்தது. மக்காச்சோள மாவு வந்தது. அமெரிக்காவில் மிஞ்சின தானியத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப 1954இல் போட்ட பி.எல். 480 சட்டத்தின் வழியாக வந்த வரத்து. எங்க தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கினவர். ரெண்டு கை குலுக்குகிற படம் போட்ட மூட்டைகளை அவர் முதுகில் சுமந்து இறக்கினார். அதே மூட்டையிலிருந்து போன மாவை அவர் பையன் ஒரு ஆரம்பப் பள்ளியில் உப்புமாவாகத் தின்றான். தின்றான் என்று சொல்வது சரியில்லை.

அப்பாவுக்கு அப்போது ஏழு வயசு. 1965. அவர் சொல்வது: "மஞ்சளா இருக்கும்டா. வாயில போட்டா ஒரு மாதிரி வாசனை. அதுக்குப் பேரு வாசனையே இல்ல." முதல் நாள் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரெண்டாவது நாள் டிரவுசர் பாக்கெட்டில் அள்ளிப் போட்டு வெளியே வந்து காக்காய்க்கு வீசினார். மூணாவது நாள் மாட்டிக்கொண்டார். சோறு போட்டவர் அத்தனை பேர் முன்னால் நிற்கவைத்துச் சொன்ன வார்த்தையை அப்பா அறுபது வருஷம் கழித்தும் அதே தொனியில் சொல்வார்: "ஓசிச் சோத்துக்கு உனுக்கு ருசி கேக்குதா?" அதற்குப் பிறகு அவர் அங்கே சாப்பிடவே இல்லை. மதியம் மணி அடித்ததும் ஓடி வந்து வீட்டில் இருக்கிற பழையதைக் குடித்துவிட்டுப் போவார். இல்லாத நாட்களில் குழாய்த் தண்ணி. வீட்டில் எங்க ஆயா அந்தக் கைகுலுக்குகிற எண்ணெய் டின்னில் ரொம்ப வருஷம் அரிசி கொட்டி வைத்திருந்தார், அது வேற விஷயம்.

இதைத்தான் நான் எழுத வந்தேன். சாப்பாட்டை மறுக்கிற பிள்ளை என்றாலே நமக்கு வசதியான வீட்டுப் பிள்ளை ஞாபகம் வருகிறது. செல்லம் கொடுத்துக் கெட்டது, செல்போன் காட்டினால்தான் தின்னும், இப்படி. ஏழைப் பிள்ளைக்கு அந்த உரிமையே கிடையாது. அது மறுத்தால் திமிர். ஆனால் புதுசைக் கண்டு பயப்படுகிற நாக்கு வருமானம் பார்த்து வருவதில்லை. ரெண்டு வயசுக்கு மேலே, தானாக நடந்து போய் எதையும் வாயில் வைக்கக்கூடிய பிராயத்தில்தான் பிள்ளைக்கு இந்தப் பயம் உச்சத்துக்குப் போகிறது. கண்ட காயையும் கடித்து வைக்காமல் உயிரோடு இருக்க அதுவே காவல் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அப்பாவின் நாக்கு வேலை செய்தது, அவ்வளவுதான். அவரை வெளியே அனுப்பியது மக்காச்சோளம்கூட இல்லை. அந்த வார்த்தை.

1926இல் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்கிற குழந்தை மருத்துவர் ஒரு காரியம் செய்தார். பால் மறந்த, வேறெதையும் ருசித்திராத கைக்குழந்தைகள் முன்னால் தட்டுத்தட்டாகப் பலவிதமான உணவை வைத்தார். முப்பத்துச் சொச்சம் வகை. பக்கத்தில் ஸ்பூனோடு உட்காருகிற நர்ஸுக்குக் கட்டளை: எதையும் காட்டாதே, ஊக்கப்படுத்தாதே, குழந்தை கை நீட்டினால் மட்டும் ஊட்டு, பேசாதே. குழந்தைகள் ஒரு வாரம் ஒன்றையே தின்றன, மறுவாரம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மொத்தத்தில் நன்றாக வளர்ந்தன. எலும்பு வளைகிற நோயோடு வந்த ஒரு குழந்தை, கிண்ணத்தில் வைத்திருந்த மீன் எண்ணெயைத் தானே எடுத்துக் குடித்து, குணமான பிறகு விட்டுவிட்டது. இதைச் சொன்னால் எங்க அம்மா "கையில ஸ்பூனோட சும்மா உக்காந்திருந்தாளா? அவளுக்குப் பைத்தியம் பிடிக்கலையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் டேவிஸே ஒரு விஷயத்தை மறைக்கவில்லை: தட்டில் வைத்த அத்தனையும் நல்ல உணவுதான். பட்டியல் பெரியவர் கையில், தேர்வு குழந்தை கையில். நம் பள்ளிகளில் பட்டியலில் ஒரே ஒரு பண்டம்தான் இருந்தது. பிள்ளை கையில் மிஞ்சின ஒரே தேர்வு, வேண்டாம் என்பது.

எங்க அக்கா மகளின் பதிலுக்கு விடை கிடைத்தது இன்னொரு இடத்தில். லியான் பர்ச் என்கிற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 1980இல் வெளியிட்டது. பச்சைப் பட்டாணி பிடித்து கேரட் பிடிக்காத ஒரு குழந்தையை, கேரட் பிடித்த மூணு நாலு பிள்ளைகளோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்தார், அவ்வளவுதான். மற்றவர்கள் எடுப்பதைப் பார்த்த குழந்தை நாலே நாளில் கேரட் பக்கம் சாயத் தொடங்கியது. அதே பர்ச் வேறு ஆய்வுகளில் இன்னும் ரெண்டைக் காட்டினார். ஒன்று, புதுசு பலமுறை கண்ணிலும் நாக்கிலும் பட்டால்தான் பழகும், ஒரு தடவை உவ்வே என்றால் அது முடிவில்லை. ரெண்டு, 'இதைத் தின்னா அதைத் தரேன்' என்று லஞ்சம் கொடுத்தால் அந்த 'இது' மேலும் வெறுக்கப்படும். கத்திரிக்காய் தின்றால் ஐஸ்கிரீம் என்று சொன்ன கணமே, கத்திரிக்காய் ஒரு தண்டனை என்று நாமே ஒப்புக்கொண்டாயிற்று.

பந்தியில் உட்கார்ந்த நமக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையா என்றால், தேவையில்லைதான். எங்கள் பக்கத்து அத்தோ கடையைப் பார்த்தாலே போதும். 1960களில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும், அங்கே தலைமுறைகளாக இருந்த தமிழர்கள் கப்பலேறி வந்து இறங்கியது நம் துறைமுகத்தில். வியாசர்பாடி மாதிரி இடங்களில் குடியேறினார்கள். கூடவே அத்தோவும் மொய்ங்காவும் வந்தன. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பச்சை முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித் தண்ணி, கூட வாழைத்தண்டு சூப். இந்த ஊர் நாக்குக்கு முழுக்க அந்நியம். யாரும் அரசாணை போடவில்லை. சத்துப் பிரசாரம் இல்லை. தள்ளுவண்டியைச் சுற்றி நாலு பேர் நின்று தின்றார்கள், அவ்வளவுதான். அப்பாவின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு அத்தோவில் முறுகின வெங்காயத்தை மட்டும் பொறுக்கித் தின்று, அடுத்த வருஷம் முட்டைக்கோஸ், அதற்கடுத்த வருஷம் தனித் தட்டு என்று நான் வளர்ந்தேன். வீட்டில் முட்டைக்கோஸ் பொரியலைத் தொடமாட்டேன்.

1980இல் உலக வங்கிக் கடனில் நம் மாநிலத்தில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, ஆறு மாதம் முதல் மூணு வயசுவரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் ஒரு சத்துருண்டை தந்தார்கள். அதைச் சோறாகத் தராமல் இனிப்புருண்டையாகத் தந்ததில் யோசனை இருந்தது. சோறு மாதிரி இருந்தால் வீட்டில் அந்த வேளையைக் குறைத்துவிடுவார்கள், உருண்டை என்றால் பலகாரக் கணக்கில் போய்விடும். வீட்டுக்காரர்கள் மனசை இவ்வளவு நுணுக்கமாக யோசித்த திட்டம் அதற்கு முன்னால் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார், திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில். முதலில் கிராமங்கள், செப்டம்பரில் நகரங்கள். வெளிநாட்டு மாவு போய், நம் அரிசியும் பருப்பும் காயும் வந்தன. சமைக்கிற ஆயாம்மா அதே தெருக்காரர். இது பெரிய மாற்றம். ஆனால் பெரும்பாலும் சோறு, சாம்பார். அடுத்த நாளும் சோறு, சாம்பார். சாம்பாரில் மிதக்கிற காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய ஒரு தலைமுறையே நம்மில் இருக்கிறது. 1989இல் கலைஞர் ஆட்சியில் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010இல் அது வாரத்துக்கு ஐந்தானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இந்த வாழைப்பழத்தைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. 'வேண்டாம்' என்ற பிள்ளைக்கும் கையில் ஏதோ ஒன்று கிடைக்கும் என்று அரசாங்கச் சாப்பாட்டில் எழுதின இடம் அது. அந்த மறுப்பு பெரும்பாலும் வீட்டு வழக்கத்திலிருந்து வந்தது என்றாலும்.

2013இல் ஜெயலலிதா அரசு பதிமூணு வகைச் சோறு கொண்டுவந்தது. முதலில் மாவட்டத்துக்கு ஒரு ஒன்றியம், பிறகு மாநிலம் முழுக்க. வெஜிடபிள் பிரியாணி, தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், கொண்டைக்கடலை புலாவ், மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை. தேர்தல் வித்தை என்று கேலி செய்தவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. சோற்றின் அளவைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த இடத்தில் ருசி என்ற சொல் அப்போதுதான் ஒழுங்காக உள்ளே வந்தது. பிள்ளை சாம்பாரில் ஒதுக்கின அதே காய், பிரியாணிக்குள் மறைந்து உள்ளே போனது. கறிவேப்பிலையை எடுத்து எறிகிற கைகளுக்கு அதை அரைத்துச் சோற்றிலேயே பிசைந்து தந்தார்கள். ஏமாற்று வேலைதான். அம்மாக்கள் செய்கிற அதே ஏமாற்று.

யாருடைய நாக்கு என்பதில் சண்டையும் வந்தது. 2020 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் காலை உணவு தருகிற பொறுப்பு அட்சய பாத்திரம் அறக்கட்டளைக்குப் போனபோது, வெங்காயமும் பூண்டும் போடாத அவர்கள் சமையல் பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. காசிமேட்டு வாடையில் வளர்ந்த பிள்ளைக்கு நல்ல உணவு எது என்று முடிவு செய்கிறவர், அந்தத் தெருவில் எப்போதாவது ஒரு வேளை சாப்பிட்டிருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைகளோடு உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் தானும் தின்றார். விசாகம் திருநாள் கதை ஞாபகத்துக்கு வந்தது. முதல் கட்டமாக 1,545 பள்ளிகள். சென்னையில் எடுத்தவற்றில் பெரும்பாலானவை வடசென்னையில். எங்கள் பக்கத்துப் பாஷையில் காலைச் சாப்பாட்டுக்கு நாஷ்டா என்று பேர். விடியற்காலையில் மீனுக்கும் ஹார்பருக்கும் ஓடுகிற வீடுகளில் பிள்ளைகளின் நாஷ்டா டீயும் பொறையும்தான். அதனால் வேன் வந்து நின்றபோது இங்கே யாரும் அதை அரசியலாகப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஐம்பது கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ, சாம்பாருக்குப் பதினைந்து கிராம் பருப்பு. செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். திங்களும் வியாழனும் உப்புமா.

உப்புமா. தமிழ்நாட்டில் இதைவிட அதிகமாகக் கேலி செய்யப்பட்ட பண்டம் உண்டா? பழகப் பழகப் பிடிக்கும் என்று பர்ச் சொன்னது இங்கே பலிக்கவில்லை. காரணம் எளிது. அது புதுசே இல்லை. வீட்டில் வேறெதுவும் இல்லாத நாளில் கிண்டப்படுவது என்று பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும். ஒரு பண்டத்தின் மேல் ஒட்டியிருக்கிற அந்தஸ்தையும் பிள்ளை சேர்த்துத்தான் மெல்லுகிறது. போதாததற்கு, எங்கோ பொதுச் சமையற்கூடத்தில் கிண்டி, டப்பாவில் அடைத்து, ட்ராபிக்கில் வந்து இறங்குகிற ரவை உப்புமா எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கரண்டி நிற்கும்.

2025இல் சமூக நலத்துறை அமைச்சர் கீதா ஜீவன் சட்டமன்றத்தில் அறிவித்தார்: திங்கட்கிழமை உப்புமாவுக்குப் பதில் இனி பொங்கல், சாம்பார். பிள்ளைகள் உப்புமாவை விரும்பவில்லை என்பதுதான் காரணம். பேப்பரில் அது சின்னச் செய்தி. சமூக வலைத்தளங்களில் ஒரு நாள் மீம்ஸ், மறுநாள் மறந்துபோனது. எங்க வீட்டில் அப்பா அந்தச் செய்தியைச் சத்தமாக ரெண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "புடிக்கலன்னு சொன்னா மாத்துறாங்களா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. நான் பதில் சொல்லவில்லை. அறுபத்தேழு வயசில் இன்னும் உப்புமா தின்னாத மனுஷர் அவர். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போன வீட்டில் வைத்த உப்புமாவையும் தொடவில்லை என்பது எங்க அம்மாவின் தீராத மனக்குறை.

பட்டியலில் இன்னும் குறை இருக்கிறது. வியாழக்கிழமை உப்புமா பற்றி அந்த அறிவிப்பில் பேச்சே இல்லை. சிறுதானியம் பேச்சளவில் இருக்கிற அளவுக்குத் தட்டில் இல்லை. மீன்பிடிக்கிற ஊர்ப் பள்ளிகளில் நெத்திலிக்கு இடமே இல்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

ஸ்கூல் பொங்கல் விவகாரத்துக்குப் பிறகு எங்க அம்மா ஒரு காரியம் செய்தார். பர்ச்சைப் பற்றி நான் சொன்னதாலா, தானாகவே யோசித்தாரா என்று கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரெண்டு பேரையும் நாஷ்டாவுக்குக் கூப்பிட்டார். தரையில் வரிசையாக நாலு தட்டு. நாலாவது அப்பாவுக்கு. யாரும் யாரையும் தின்னச் சொல்லவில்லை. கிண்ணத்தோடு பின்னால் நடக்கிற பழக்கத்தை அடக்கிக்கொண்டு அம்மா அடுப்படியிலேயே நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவன் முதல் வாய் வைத்தான். சின்னவள் முந்திரியை மட்டும் எடுத்தாள். எங்க பொண்ணு கொஞ்ச நேரம் ரெண்டு பேர் தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்தது. மிளகு தட்டுப்பட்டதும் துப்பி, தட்டின் ஓரத்தில் வைத்தது. இன்னொரு வாய். இன்னொரு மிளகு. ஓரத்தில் கறுப்பாக ஒரு வரிசை வளர்ந்துகொண்டே போனது. அம்மா உள்ளேயிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா கை காட்டி நிறுத்திவிட்டு, அந்த மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.